பால் பைதான் வாங்கப் போறீங்களா? மொதல்ல பேப்பர், அப்புறம் பெட்டி, கடைசியாத்தான் பாம்பு

பாம்பு வளக்கணும்னு ஆசைப்படுறவங்க நம்மூர்ல சத்தமில்லாம கூடிட்டே இருக்காங்க. ரீல்ஸ்ல ஒருத்தன் மஞ்சக் கலர் பாம்ப கழுத்துல போட்டுக்கிட்டு டீ குடிக்கிறான், அதப் பாத்துட்டு ஒரு காலேஜ் தம்பி "அண்ணா இது எங்க கெடைக்கும், ரேட் என்ன"ன்னு மெசேஜ் போடுறான். ரேட்ட கேக்குற ஆளுங்கள்ல ஒருத்தர் கூட "இதுக்கு ஆயுசு எவ்ளோ"ன்னு கேட்டு நான் பாத்ததில்ல. பால் பைதான்னா (பால்னா குடிக்கிற பால் இல்ல, இங்கிலீஷ் Ball, வெஷமில்லாத ஒரு ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஜாதி) நல்லா வளத்தா 20லருந்து 30 வருஷம் இருக்கும் தம்பி. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில ஒரு பால் பைதான் 60 வயச தாண்டி 2020ல முட்ட போட்டுச்சு, அதுவும் பல வருஷமா ஆண் பாம்பு வாடையே இல்லாம. இன்னிக்கு நீ வாங்குற குட்டி உன் கல்யாணம், உன் புள்ள ஸ்கூல் அட்மிஷன் எல்லாத்தையும் பாத்துட்டுதான் போகும், அத மனசுல வெச்சுக்கிட்டு மேல படி.

இன்னொரு விஷயம், நம்மாளுங்களுக்கு பாம்பு விஷயத்துல நடுவாந்தரமே கெடையாது. ஆடி மாசம் புத்துக்கு முட்ட வெச்சு பால் ஊத்திட்டு வர்ற அதே வீட்ல, சாயங்காலம் கொல்லப்பக்கம் ஒரு சார தலைய நீட்டுனா கம்பெடுத்து அடிச்சு கொளுத்திட்டுதான் மறுவேல. பாம்பு பால் குடிக்காது, கொம்பேறி மூக்கன் நம்மள கடிச்சுட்டு சுடுகாட்டு மரத்துல ஏறி பொணம் எரியுதான்னு பாக்காது, பச்சப் பாம்பு கண்ண கொத்தாது, அத உருவி விட்டா சமையல் ருசியாவும் ஆகாது (இத நம்பி அந்த சாது பாம்ப புடிச்சு படாத பாடு படுத்துறவங்க இன்னும் இருக்காங்க). ஆனா ஜனங்க பயத்த முட்டாள்தனம்னு சிரிக்கவும் முடியாது. 2000லருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியில செத்தவங்க சுமார் 12 லட்சம் பேருன்னு கணக்கு போட்டிருக்காங்க, வருஷத்துக்கு ஏறக்கொறைய 58,000. தமிழ்நாட்டுல 2024 நவம்பர்லதான் பாம்புக்கடிய கண்டிப்பா அரசுக்கு தகவல் சொல்ல வேண்டிய நோயா அறிவிச்சாங்க. அதனால வீட்டுக்குள்ள பாம்பு வெச்சிருக்கிற ஆளுக்கு பக்கத்து வீட்டுக்காரங்க பயமும் சேர்ந்து ஒரு பொறுப்புதான், அத பின்னாடி சொல்றேன்.

எந்தப் பாம்பு கூடவே கூடாது

நம்ம நாட்டு பாம்பு எதுவும் கூடாது, அவ்ளோதான். நல்ல பாம்பு, விரியன் மட்டும் இல்ல, சார, பச்சப் பாம்பு, தண்ணிப் பாம்பு, மலைப்பாம்பு, மண்ணுளி எதுவுமே வீட்ல வளக்க முடியாது, 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டம் குறுக்க நிக்குது. 2022ல திருத்தி 2023 ஏப்ரல்ல நடைமுறைக்கு கொண்டு வந்தாங்க, அதுல முதல் அட்டவணையில இருக்கிற உயிரினம்னா 3 வருஷத்துலருந்து 7 வருஷம் வரைக்கும் ஜெயில், கொறஞ்சது 25,000 ரூபா அபராதம். "வயல்ல அடிபட்டு கெடந்துச்சுண்ணா, பாவமா இருந்துச்சு, டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன்"னு சொன்னாலும் வனத்துறைக்கு சொல்லாம வெச்சிருந்தா அது கேஸுதான். மண்ணுளி பாம்புக்கு லட்சக்கணக்குல வெல போகும், ரெண்டு தல இருக்கும், வீட்ல வெச்சா பணம் கொட்டும்னு யாராச்சும் வாட்ஸப்ல வந்தா பிளாக் பண்ணிட்டு போய்ட்டே இரு, அது ரெண்டாவது தல இல்ல, மொன்னையான வாலு, எதிரி அத தலன்னு ஏமாறட்டும்னு அப்பிடி இருக்கு.

வெளிநாட்டு தமிழங்க படிச்சா ஒரு வார்த்த: சிங்கப்பூர்ல பாம்பு வளக்கவே அனுமதி கெடையாது, இங்கிலாந்துல பால் பைதானுக்கு லைசன்ஸ் தேவையில்ல, மத்த ஊர்ல உங்க ஊரு சட்டத்த பாத்துக்கோங்க. நான் இங்க சொல்றது இந்தியாவுல இருக்கிறவங்களுக்கு.

பேப்பர்

பால் பைதான் மேற்கு ஆப்பிரிக்கா பக்கத்து பாம்பு, கானா, டோகோ, பெனின் அந்தப் பக்கம். வெஷம் கெடையாது, வளந்தா 3லருந்து 5 அடி, பொண்ணு கொஞ்சம் பெருசு. பயந்தா கடிக்கிறத விட தலைய நடுவுல வெச்சு உருண்டையா சுருண்டுக்கும், அதான் அந்தப் பேரு. சைட்டஸ்னு உலக நாடுகள் போட்ட ஒப்பந்தத்துல ரெண்டாவது பட்டியல்ல இது இருக்கு, அந்தப் பட்டியல அப்பிடியே நம்ம சட்டத்துல நாலாவது அட்டவணையா சேத்துட்டாங்க. 2024 பிப்ரவரி கடைசியில இதுக்குன்னு தனி விதி வந்துச்சு, அதுப்படி இந்த மாதிரி உயிரினம் கைக்கு வந்தா 30 நாளுக்குள்ள பரிவேஷ்ங்கிற அரசு போர்ட்டல்ல பதிவு பண்ணணும். குட்டி பொறந்தா, செத்துப் போனா, இன்னொருத்தர் கைக்கு மாறுனா அதையும் சொல்லணும்.

இங்கதான் நெறைய பேர் வழுக்குறாங்க. விக்கிறவன் "பில்லு எல்லாம் வேணாம் ப்ரோ, நீங்களே ஆன்லைன்ல ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம்"ங்கிறான். எதுக்கு அவன் கிட்ட பில்லு இல்லன்னு யோசி. 2023 ஏப்ரல்ல மலேசியாவுலருந்து சென்னை ஏர்போர்ட்ல எறங்குன ஒரு பயணி லக்கேஜ்ல 22 பாம்பு, ஒரு பச்சோந்தி. அதே வருஷம் ஜூலை கடைசியில திருச்சி ஏர்போர்ட்ல ஒரே டிராலி பேக்ல 47 மலைப்பாம்புக் குட்டி, எல்லாம் ஓட்ட போட்ட டப்பாவுக்குள்ள. மாட்டுனது இவ்ளோன்னா மாட்டாம கடைக்கு போனது எவ்ளோன்னு நீயே கணக்கு போட்டுக்கோ. அதனால வாங்குறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது: உங்க ஸ்டாக்குக்கு பரிவேஷ் பதிவு இருக்கா, இந்தக் குட்டியோட தாய் தகப்பன் உங்ககிட்டயே இருக்கா, காட்ட முடியுமா, என் பேருக்கு மாத்திக் குடுப்பீங்களா. இதுல ஒண்ணுக்கு மழுப்புனாலும் எந்திரிச்சு வந்துரு.

எல்லாத்துக்கும் சரின்னு சொன்னா பாம்ப பாரு. கையில எடுத்தா ஒடம்புல பிடிமானம் இருக்கணும், தொவண்டு தொங்கக் கூடாது. வாயத் தொறந்து தொறந்து மூச்சு விடுதா, மூக்குல நொர வருதா, செதில் இடுக்குல கருப்பு மொளகுப் பொடி அளவுக்கு உண்ணி ஓடுதா பாரு, ஒரு வெள்ள டிஷ்யூவ ஈரமாக்கி ஒடம்புல தடவுனா உண்ணி ஒட்டிக்கிட்டு வரும். அப்புறம் "என் முன்னாடி ஒரு வேள சாப்புட வெச்சு காட்டுங்க"ன்னு கேளு, நல்ல பிரீடர் கோவப்பட மாட்டான். கலர் வெரைட்டிக்கு தனித்தனி பேரு இருக்கு, அதுல ஸ்பைடர்னு ஒண்ண பாத்தா வேணாம்னு சொல்லிரு, அந்த ஜீன் இருக்கிற பாம்புக்கு தல தானா ஆடும், சிலது தலகீழா திருகிக்கும், நரம்புக் கோளாறு, அத அழகுன்னு காசுக்கு விக்கிறது எனக்கு சகிக்கல.

பெட்டி, பாம்பு வர்றதுக்கு முன்னாடி

பெட்டிய ரெடி பண்ணி குறைஞ்சது ஒரு வாரம் ஓட விட்டு சூடும் ஈரமும் நிக்குதான்னு பாத்துட்டுதான் பாம்பு. வளந்த பாம்புக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உசரம். சில பேர் சின்ன பிளாஸ்டிக் டப்பாவுலயே ஆயுசு முழுக்க வெச்சிருக்காங்க, சாப்புடுது சாவலங்கிறதத் தவிர அதுல வேற என்ன நல்லது இருக்குன்னு எனக்குத் தெரியல. பெட்டிக்கு பூட்டு இருக்கணும், கண்ணாடிக் கதவு ஸ்லைடிங்னா தனியா ஒரு பூட்டு வாங்கி மாட்டு. செங்கல்ல மேல வெச்சா போதும்ங்கிறவன் இந்த ஜாதி எவ்ளோ பலமா முட்டும்னு தெரியாதவன்.

ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் கூல். சூட்டுப் பக்கம் 31லருந்து 33 டிகிரி, கூல் பக்கம் 25லருந்து 27. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஒளிவிடம், ஒடம்பு நாலு பக்கமும் ஒரசுற அளவுக்கு டைட்டா இருக்கணும், விசாலமா இருந்தா அதுக்கு பயம். தேங்கா நார்த்தூள் பரப்பலாம், நம்மூர்ல சல்லிசா கெடைக்கும், ஈரத்தையும் புடிச்சு வெக்கும், ஈரப்பதம் 55லருந்து 70 சதவீதம் இருந்தா போதும். கனமான தண்ணிக் கிண்ணம் ஒண்ணு. ஹீட்டர் எதுவா இருந்தாலும் தெர்மோஸ்டாட் (சூடு அளவு தாண்டாம தானா நிறுத்துற கருவி) இல்லாம சொருகாத, சூடு ஏறுறது தெரியாம அது மேலயே படுத்து வயிறு வெந்து போன பாம்புங்க உண்டு.

இப்ப யூட்யூப்ல யாரும் சொல்லாத ஒரு விஷயம். அவங்க எல்லாம் குளிர் நாட்டுல ஒக்காந்துட்டு எப்பிடி சூடாக்குறதுன்னு சொல்லித் தர்றாங்க, நமக்கு பிரச்சின தலகீழு. சித்திரையில வேலூர், திருச்சி, சென்னையில மத்தியானம் 40 டிகிரி, மொட்ட மாடிக்கு கீழ இருக்கிற ரூம்னா உள்ள அனலா இருக்கும், பெட்டி 35 தாண்டுனா பாம்புக்கு ஆபத்து. அதனால கீழ்த்தளம், இல்ல வீட்லயே கூலான ரூம், ஜன்னல் வெயில் நேரா விழாத எடம். கரண்ட் போனா என்ன பண்ணுவன்னு முன்னாடியே யோசிச்சு வெச்சுக்கோ: ஈரத்துணிய பெட்டி மேல போட்டு ஃபேனுக்கு இன்வெர்ட்டர் கனெக்ஷன், தண்ணி பாட்டில ஃப்ரீஸ் பண்ணி துணியில சுத்தி கூல் பக்கம் ஓரமா வெக்கலாம். ராத்திரி முழுக்க ஏசி போட்டு தூங்குற ரூம்ல பெட்டிய வெச்சா நேர் எதிரு, அங்க ஹீட்டர் கட்டாயம்.

சாப்பாடு

எலிதான். "சிக்கன் பீஸ் போடலாமா"ன்னு கேக்குறாங்க, போடக் கூடாது, முழு மிருகமா எலும்பு ஈரல் ரோமத்தோட போனாத்தான் அதுக்கு சத்து. வீட்ல பொறியில விழுந்த எலி வேணவே வேணாம், அது எங்க எலி மருந்து தின்னுச்சோ, என்ன பூச்சி சுமக்குதோ. வளப்பு எலிய ஃப்ரீஸ் பண்ணி விக்கிறாங்க, அதத்தான் வாங்கணும். உயிரோட போடுறதுல ஒரு கிக்கு இருக்குன்னு நெனைக்கிறவங்களுக்கு: மூலையில மாட்டுன எலி பாம்ப கடிச்சு கண்ணு போன கதையெல்லாம் உண்டு.

முந்தின ராத்திரியே ஃப்ரீசர்லருந்து எடுத்து கீழ ஃபிரிட்ஜ்ல வெச்சிரு, மறுநாள் சாயங்காலம் ஜிப் கவர்ல போட்டு கை பொறுக்குற வெந்நீர்ல அர மணி நேரம். மைக்ரோவேவ்ல வெச்சா உள்ள வெந்து வெளிய வெடிக்கும், அந்த நாத்தத்த ஒரு வாரத்துக்கு வீட்ட விட்டு வெரட்ட முடியாது. வயித்த அமுக்கிப் பாரு, நடுவுல ஐஸ் கட்டி தட்டுதான்னு. லைட்ட கொறச்சுட்டு நீள இடுக்கியால வால் பக்கம் புடிச்சு, ஒளிவிடத்து வாசல்ல லேசா ஆட்டு. பாம்பு மொதல்ல அசையாது, நாக்கு மட்டும் மெதுவா வரும் போகும், மேல் ஒதட்டுல வரிசையா இருக்கிற குழியால அந்த சூட்ட அளக்குது, கழுத்து மெள்ள எஸ்ஸா மடங்கும், அப்புறம் நீ கண்ண சிமிட்டுறதுக்குள்ள எலி உன் இடுக்கியில இருக்காது, மூணு சுத்து சுத்தி இறுக்கியிருக்கும். செத்த எலிதான்னு அதுக்கு யாரும் சொல்லல. அதுக்கு மேல அங்க நிக்காம லைட்ட அணைச்சுட்டு வந்துரு. ரெண்டு நாளைக்கு தூக்காத, தூக்குனா கக்கிரும்.

குட்டிக்கு 7லருந்து 10 நாளைக்கு ஒண்ணு, பெரிய பாம்புக்கு மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணு போதும். எலியோட பருமன் பாம்போட பெருத்த எடத்த விட பெருசா இருக்க வேணாம். அப்புறம் இந்த ஜாதி திடீர்னு உண்ணாவிரதம் இருக்கும், மாசக்கணக்குல கூட, வாங்குனவங்க அழுதுக்கிட்டே ஃபோன் பண்ணுவாங்க. கிச்சன் தராசுல வாரம் ஒரு தடவ எட போட்டு நோட்ல எழுது, எட குறையாம இருந்தா கவலப்படாத, எலிய வெளிய எடுத்துப் போட்டுட்டு அடுத்த வாரம் பாரு. எட சரசரன்னு எறங்குனா டாக்டர். அந்த டாக்டர் யாருன்னு பாம்பு வாங்குறதுக்கு முன்னாடியே தேடி வெச்சுக்கணும், நாய் பூன பாக்குற கிளினிக் எல்லாத்துலயும் பாம்ப தொட மாட்டாங்க, சென்னைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில மொதல்ல விசாரிங்க.

சட்ட உரிக்கும்போது கண்ணு நீலம் பூத்து மங்கிரும், அப்ப சரியா கண்ணு தெரியாது, எரிச்சலா இருக்கும், தொடாத. ஈரப்பதத்த கொஞ்சம் ஏத்து. சரியா இருந்தா மூக்குலருந்து ஆரம்பிச்சு சாக்ஸ கழட்டுற மாதிரி உள்பக்கம் வெளிய வர ஒரே பீஸா உரிஞ்சு கெடக்கும். அத எடுத்து தலப்பக்கம் வெளிச்சத்துல பாரு, ரெண்டு கண்ணு மேல இருந்த வட்ட மூடியும் அதுலயே வந்திருக்கணும். வரலன்னா கண்ணுல ஒட்டியிருக்கு, நகத்தால நோண்டாத, ஈரத்த கூட்டி அடுத்த தடவ வரைக்கும் பாத்துட்டு டாக்டர் கிட்ட போ.

தொட்டா முன்னாடியும் பின்னாடியும் சோப்பு போட்டு கை கழுவணும், சால்மோனெல்லா கிருமி பாம்பு மேல இருக்கலாம், பாக்க ஆரோக்கியமாத்தான் இருக்கும். 5 வயசுக்கு கீழ கொழந்த இருக்கிற வீடுன்னா நான் வேணாம்னே சொல்லுவேன். தண்ணிக் கிண்ணத்த கிச்சன் சிங்க்ல கழுவுற பழக்கத்த ஆரம்பிக்கவே கூடாது.

வீட்டாளுங்க, அக்கம்பக்கம்

அம்மாவுக்கு தெரியாம வாங்கி அலமாரிக்குள்ள ஒளிச்சு வெக்கிறது ரொம்ப சகஜமா நடக்குது, அது கடைசியில பாம்புக்குதான் கேடு. வாங்குறதுக்கு முன்னாடி வீட்டாளுங்கள கிண்டி பாம்புப் பண்ணைக்கு ஒரு ஞாயித்துக்கெழம கூட்டிட்டு போ, 1972லருந்து இருக்கு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு நிதானமா பாத்தாலே பாதி அருவருப்பு போயிரும். மீதி பாதி போகலன்னா வற்புறுத்தாத. பாட்டிக்கு நெஞ்சு படபடன்னு வந்தா, அந்த வீட்ல பாம்புக்கு எடமில்ல, முடிஞ்சு போச்சு.

வாடக வீடுன்னா ஓனர் கிட்ட சொல்லணும். அப்பார்ட்மென்ட்னா எப்பிடியும் விஷயம் கசியும். எங்க மேல் வீட்டு அக்கா படியில நிறுத்தி, "தம்பி, உங்க வீட்ல பாம்பு இருக்காமே, நெசமாவா?"ன்னு கேட்டாங்க. "ஆமாக்கா, வெஷம் கெடையாது, பதிவு பண்ணியிருக்கேன், பூட்டுன பெட்டியில இருக்கு, வேணும்னா வந்து பாருங்க, வேணாம்னாலும் பரவால்ல"ன்னேன். அவங்க பெட்டிய பாக்கல, பூட்டதான் இழுத்து இழுத்து பாத்தாங்க. "சரி, கொழந்தைங்க வெளையாடுற எடத்துக்கு மட்டும் கொண்டு வராதப்பா"ன்னாங்க. அது நியாயம்தானே. பாம்ப தோள்ல போட்டுட்டு பீச்சுக்கு போறது, பஸ்ல போறது, பர்த்டே பார்ட்டியில கை மாத்தி மாத்தி குடுக்குறது எல்லாம் பாம்புக்கும் சித்ரவத, பாக்குறவங்களுக்கும் பீதி.

முடியலன்னா

வேல மாறுது, வெளிநாடு போற, வீட்ல ஒத்துக்கல, எதுவா இருந்தாலும் காட்டுல கொண்டு போய் மட்டும் விடாத. ஃபுளோரிடாவுல எவர்கிளேட்ஸ்னு பெரிய சதுப்பு நெலம், அங்க பெட்டா வாங்குன பர்மிய மலைப்பாம்ப அலுத்துப் போய் விட்டவங்களும், 1992 ஆண்ட்ரூ புயல்ல ஒடஞ்சு போன வளப்பு எடத்துலருந்து தப்புனதும்னு சேந்து பெருகி, இன்னிக்கு அங்க முயல், ரக்கூன், மான் எல்லாத்தையும் காலி பண்ணிட்டு இருக்கு. அதப் புடிக்க 2017ல நம்ம செங்கல்பட்டு பக்கத்து இருளர் ரெண்டு பேர, மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும், அமெரிக்காக்காரங்க கூப்புட்டாங்க. போன கொஞ்ச நாள்லயே 16 அடி பொண்ணு மலைப்பாம்பு ஒண்ண கீ லார்கோவுல ஒரு பழைய ஏவுகணைத் தளத்துலருந்து புடிச்சாங்க, 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. வடநெம்மேலியில 1978லருந்து நடக்குற இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இவங்களோடதுதான், நம்ம நாட்டு பாம்புக்கடி மருந்துக்கு வெஷம் பெரும்பாலும் எடுத்துக் குடுக்குறது அங்கதான், வெஷம் எடுத்த பாம்ப அப்புறம் காட்டுலயே விட்டுருவாங்க. இங்க பொறந்த பாம்பு, இங்க விடுறாங்க. உன் ஆப்பிரிக்கா பாம்ப அப்பிடி விட முடியாது. பரிவேஷ்ல பேர் மாத்தி, வளக்கத் தெரிஞ்ச ஆளுக்கு குடு, ஆள் கெடைக்கலன்னா வனத்துறைக்கு எழுதிக் கேளு.

தப்பிச்சுருச்சுன்னா

மொதல்ல ரூம் கதவ சாத்தி கீழ் இடுக்குல துணிய திணி. தூரமெல்லாம் போயிருக்காது, கதகதப்பா டைட்டா இருட்டா இருக்கிற எடமா தேடும்: ஃபிரிட்ஜ் பின்னாடி, வாஷிங் மெஷின் அடியில, சோஃபா ஸ்பிரிங்குக்குள்ள, புக் ஷெல்ஃப் பின்பக்கம், இன்வெர்ட்டர் பெட்டி. ராத்திரிதான் நடமாடும், அதனால படுக்கப் போகும்போது செவுத்தோரமா கோலமாவு லேசா தூவி வெச்சா காலையில எந்தப் பக்கம் போச்சுன்னு தடம் தெரியும்.

அக்கம்பக்கத்துல உடனே சொல்லிரு, வெக்கப்படாத. ஏன்னா பழுப்பு நெறத்துல திட்டுத்திட்டா இருக்கிற பால் பைதான அவசரத்துல பாக்குற எவனும் கண்ணாடி விரியன்னுதான் நெனைப்பான், மண்ணுளிக்கும் மலைப்பாம்புக் குட்டிக்கும் நடக்குற கதி இதுதான், அடிச்சுக் கொன்னுட்டுதான் கூப்புடுவாங்க. உன் பாம்போட போட்டோவ, மேலருந்து ஒண்ணு சைடுலருந்து ஒண்ணு, செக்யூரிட்டி அண்ணனுக்கும் மேல கீழ வீட்டுக்கும் முன்னாடியே அனுப்பி வெச்சிரு.

இதுல இன்னொரு ஆபத்து உனக்கே இருக்கு. பாத்ரூம்ல ஒரு பாம்பப் பாத்ததும் "அப்பாடா, கெடச்சுருச்சு"ன்னு கைய நீட்டாத. கண்ணாடி விரியனுக்கு முதுகுல சங்கிலி கணக்கா வரிசையா முட்ட வடிவத் திட்டு இருக்கும், தல முக்கோணம், சீறுனா குக்கர் விசில் கேக்கும். கட்டுவிரியன் பளபளன்னு கருப்புல மெல்லிசான வெள்ளக் கோடு, ராத்திரி கடிச்சா வலியே தெரியாம போகலாம். சந்தேகமா இருந்தா ஆறடி தள்ளி நின்னு கண்ண எடுக்காம பாத்துக்கிட்டே 101க்கு ஃபோன் போடு, தீயணைப்புக்காரங்க வந்து புடிப்பாங்க. கடிச்சுருச்சுன்னா கயிறு கட்டாத, கீறாத, உறிஞ்சாத, கடிபட்ட கைய கால அசையாம வெச்சு 108ல ஏறி நேரா பெரியாஸ்பத்திரி. வீட்ல பால் பைதான் வளக்குறதையும் டாக்டர் கிட்ட சொல்லு, ஆனா "அதுவாத்தான் இருக்கும்"னு நீயா முடிவு பண்ணிட்டு வீட்லயே ஒக்காந்துராத.